கடலைக் கீழே வரைகிறவர்கள்

எங்கள் நிறுவனத்தில் வடக்கு என்று ஒரு திசை இருக்கவில்லை. கடல் இருந்தது. வீடோ தொழிற்சாலையோ, எதை வரைந்தாலும் தாளின் கீழ் விளிம்பில் கடல் இருக்கவேண்டும். அங்கே மூன்று சிறிய அலைக்கோடுகளைப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் பார்க்கிறவருக்குத் தானாக விளங்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. வடக்கு அம்புக்குறி போடுகிற வேறு நிறுவனக்காரரைப் பார்த்து, கொழும்பிலே கடல் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கள் என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் நிறுவனத்தை ஆரம்பித்த பெரியவர். நான் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு, சுதந்திரம் கிடைத்த கையோடு திரும்பி வந்து, பம்பலப்பிட்டியில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் பழைய வீடொன்றை வாங்கி, உள்சுவர்களை இடித்து, நீளமான ஒரு கூடமாக்கி, அதில் ஆறு வரைபலகைகளைப் போட்டார். தட்டையான கொங்கிறீட் கூரை, வெள்ளைச் சுவர், அலங்காரம் எதுவுமில்லாத தூண்கள். முதல் பத்து வருடத்தில் அவர் கட்டிய வீடுகளெல்லாம் படத்தில் பார்க்க அழகாக இருந்தன, மழைக்கு ஒழுகின. ஆனால் அவர் பிடிவாதக்காரர் மட்டுமல்ல, கண்ணுள்ளவரும்கூட. ஒழுகிய வீடுகளுக்குள் போய் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்து, கூரையைச் சாய்த்தார், ஓடு போட்டார், இறவாரத்தை நீட்டினார், வீட்டின் நடுவே முற்றத்தைத் திறந்தார். பிறகு கட்டியவற்றில் மின்விசிறி போடாமலே மத்தியானம் படுத்துத் தூங்கலாம்.

அவருடைய விதிகள் நான்கைந்துதான். கடல் பக்கம் பிற்பகல் வெயில் வரும், ஆகவே அந்தப் பக்கம் கனத்த சுவர். அதில் ஒரு கை அகலத்துக்கு உயரமான வெடிப்புகள் போல இடைவெளிகள், காற்று வரும், வெயில் வராது. இடமும் வலமும் இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரைவரை திறந்திருக்க வேண்டும். மதில் இடுப்பளவுக்கு மேல் போகக்கூடாது. படத்தில் உரிமையாளரின் பெயர் எழுதக்கூடாது, இலக்கம் மட்டுமே. ஏனென்றால் கட்டடம் ஆளைவிட நீண்ட காலம் இருக்கும். கடல் எப்போதும் கீழே.

நான் சேர்ந்தது யுத்தம் கொழும்புக்குள் வந்து சேர்ந்திருந்த காலத்தில். பெரியவரின் இடுப்பளவு மதிலைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசையோடு வந்த நான் முதல் ஒரு வருடத்தில் வரைந்தவற்றில் முக்கால்வாசி மதில்தான். பெரியவர் கட்டிய வீடுகளின் உரிமையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மதிலை எட்டு அடிக்கு உயர்த்தித் தாருங்கள், மேலே முள்ளுக்கம்பிக்கு இடம் விடுங்கள், முற்றத்துக்குக் கம்பி வலை போடுங்கள், வாசலில் காவலாளிக்கு ஒரு கூண்டு வேண்டும் என்றார்கள். நிறுவனத்தை அப்போது நடத்தியவர் பெரியவரின் மருமகன். அவரை நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், மென்மையாக ஆங்கிலம் பேசுவார், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. எட்டு அடி மதிலையும் அழகாக வரைந்து கொடு என்பார். காவல் கூண்டை எப்படி ஐயா அழகாக வரைவது?

எனக்கு அங்கே வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. படிப்பின் முதற் பகுதியை முடித்திருந்தேன். பட்டயக் கட்டடக் கலைஞராவதற்கான கடைசிப் பரீட்சையில் உட்கார வேண்டுமென்றால், கட்டுகிற இடத்துக்கு நேரில் போய் வந்ததை எழுதி, நிறுவனத் தலைவரின் கையொப்பம் வாங்கிய ஒரு புத்தகம் காட்ட வேண்டும். லொக் புக் என்போம். பச்சை மட்டை போட்ட சின்னப் புத்தகம். அதில் பன்னிரண்டு வரிகள் நிரம்ப வேண்டும். பன்னிரண்டு தரம் சைட்டுக்குப் போய்வருவது ஒரு பெரிய விஷயமா? என்னோடு படித்தவர்கள் எட்டு மாதத்தில் முடித்தார்கள்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதமே முதல் வரியை நிரப்பப் புறப்பட்டேன். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலைக்குப் பக்கக் கட்டடம். படங்களை அங்கே கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடுத்து, அத்திவாரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிய சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில் ஒரு சுருள். விரித்தார்கள். பெயரில்லாத ஒரு கட்டடம், தூண் தூணாகப் புள்ளிகள், அளவுகள், மூலையில் ஓர் இலக்கம். வடக்குக் குறி இல்லை. கீழே மூன்று அலைக்கோடுகள். விமான நிலையம் கூப்பிடு தூரத்தில்.

"இது யாருடைய கட்டடம்?" என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

பெயர் எழுதுவதில்லை என்றேன். ஏன் எழுதுவதில்லை என்று கேட்டார்கள். கட்டடம் ஆளைவிட நீண்ட காலம் இருக்கும் என்று பெரியவர் சொன்னதை அந்தச் சாவடியில் என் அரைகுறைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது?

காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை பொலிஸில் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். கடைசியில் எங்கள் நிறுவனத்தின் மூத்த வரைஞர் வந்து, தொழிற்சாலை முதலாளியின் கடிதத்தைக் காட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சிங்களவர், ஐம்பது வயது, பெரியவரின் காலத்திலிருந்தே இருப்பவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை அய்யே, அதாவது அண்ணா என்று கூப்பிடுவோம். திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். "நங்கி, பயப்பட வேண்டாம்" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. எனக்குப் பயம் இல்லை. கோபம்தான். அந்தக் கோபத்தை யார்மேல் போடுவதென்று தெரியாமல் சோடாவைக் குடித்தேன்.

அடுத்த நாள் சேர் என்னைக் கூப்பிட்டு, மிகவும் வருத்தப்பட்டு, ஒரு புதிய விதி போட்டார். தமிழ் ஆட்கள் படங்களைக் கொண்டு வெளியே போகக்கூடாது. சைட்டுக்கு அய்யே போவார். "உங்களுடைய பாதுகாப்புக்காகத்தான்" என்றார். தமிழ் ஆட்கள் என்று பன்மையில் சொன்னாலும் அந்த அலுவலகத்தில் இருந்த தமிழ் ஆள் நான் ஒருத்திதான். படத்தில் ஒரு பெயரை எழுதுவோம், வடக்குக் குறி ஒன்று போடுவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. விதியை மாற்றுவதைவிட என்னைக் கதிரையில் உட்கார்த்தி வைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

ஒன்றரை வருடம் அப்படியே போனது. சில மாதங்களுக்கு ஒரு தரம் லொக் புக்கைத் தூக்கிக்கொண்டு சேரின் மேசைக்குப் போவேன். "நிலைமை கொஞ்சம் சரிவரட்டும்" என்பார். நிலைமை சரிவருகிற மாதிரி இருக்கும், எங்கேயாவது குண்டு வெடிக்கும், எங்கள் வேலை கூடும், ஏனென்றால் எல்லோருக்கும் மதில் இன்னும் இரண்டு அடி உயர வேண்டும். குண்டு வெடித்த மறுநாள் அதிகாலையில், வெள்ளவத்தையில் நான் இருந்த அக்கா வீட்டு ஒழுங்கையில் ஆட்களை வரிசையாக விட்டு அட்டை பார்ப்பார்கள். அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போய் இன்னொரு மதில் வரைவேன்.

அந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனை வேலை வந்தது. ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் மண்டபம். காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு, பிற்பகலில் பெண்களுக்குத் தையல், பின்னேரம் டியூஷன். மதில் இல்லை, காவல் கூண்டு இல்லை. பங்குத் தந்தை எழுதிய கடிதத்திலேயே, வாசல் எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று இருந்தது. கடிதத்தை வாசித்துவிட்டுச் சேர் அதை என் பலகைமேல் வைத்தார். "இதை நீங்களே முழுதாகச் செய்யுங்கள்" என்றார். பெரியவர் இருந்திருந்தால் விரும்பியிருக்கக்கூடிய வேலை அது ஒன்றுதான் அந்த வருடங்களில் எங்களுக்குக் கிடைத்தது.

நிலத்தைப் பார்த்து வர வழக்கம்போல அய்யே போனார். நான் இருக்கிறேன், எனக்குத் தமிழ் தெரியும், அங்கே இருப்பவர்கள் தமிழர், ஆனாலும் அய்யேதான் போனார். காணி உறுதிப் பத்திரத்தோடு இருந்த நில அளவைப் படத்தைப் பார்த்து, எங்கள் முறைப்படி திருப்பி, பென்சிலால் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். கிட்டத்தட்டச் சதுரமான நிலம். மேலே தெரு. கீழே மூன்று அலைக்கோடுகள்.

நான் அதைக் கையில் வாங்கி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. கடல் கீழே. கடல் என்றால் மேற்கு. வெள்ளவத்தையில் என் அக்காவின் வீட்டிலிருந்து பம்பலப்பிட்டி அலுவலகம் வரைக்கும், அதற்கப்பால் காலிமுகத்திடல் வரைக்கும், கடல் மேற்கில்தான் இருக்கிறது. ஒருநாளும் இடம் மாறியதில்லை. கீழ்ப்பக்கம் கனத்த சுவரும் ஒடுங்கிய இடைவெளிகளும், இடமும் வலமும் தரையிலிருந்து கூரைவரை திறப்பு. பெரியவரின் விதிப்படியே வரைந்தேன். மூன்று மாதம் அந்த மண்டபத்துக்குள்ளேயே குடியிருந்தேன் என்று சொல்லலாம். எந்த மூலையில் தையல் மெஷின் வரும், எந்தப் படியில் பிள்ளைகள் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாநகர சபைக்குக் கொடுக்கிற பிரதியில் மட்டும் சட்டப்படி வடக்குக் குறி போட வேண்டும். அதைக் கடைசியில் நானே போட்டேன், தாளின் இடப்பக்கம் பார்த்து, யோசிக்காமல்.

வேலை தொடங்கியது. அத்திவாரத்துக்கு அய்யே போனார். தூண்களுக்கு அய்யே போனார். நான் சேரிடம் நான்கு தரம் கேட்டேன். கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்குப் பக்கம், அங்கே சோதனை கூட என்றார். ஒரு தரம் சரி என்று சொல்லி, காரும் தயாராகி, அன்று காலையில் எங்கேயோ ஏதோ நடந்து வீதியை மூடிவிட்டார்கள். அன்றைக்குக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து படிக்கட்டின் கைப்பிடியை வரைந்தேன்.

வீட்டில் அக்காவுக்கு என் புலம்பல் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை தோசை சுட்டுக்கொண்டே சொன்னாள்.

"நீ ஏன் இப்பிடிக் கிடந்து சாகிறாய்? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே. படம் ஒண்டும் கொண்டுபோகாமல் சும்மா பஸ் எடுத்துப் போய் ஒருக்காப் பாத்திட்டு வாவன்."

"ஏன் நான் களவாப் போகவேணும்? அது என்ரை வேலை. அவையள் என்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

"கூட்டிக்கொண்டு போகேல்லையெண்டால்?"

"அப்ப நான் போகமாட்டன்."

"உன்ரை வீம்பு" என்றாள் அக்கா. தோசையைத் திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

அது வீம்புதான். ஞாயிற்றுக்கிழமை போனால் புத்தகத்தில் எழுத முடியாது, எழுத முடியாத பயணத்துக்கு நான் ஏன் ஒரு சாவடியில் இறங்கி நிற்கவேண்டும் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். நான் போகாமல் இருப்பதே சேருக்கு ஒரு தண்டனை என்பது மாதிரி நடந்துகொண்டேன். சேருக்கு அது தெரியவே தெரியாது.

கூரை போட்டு முடிந்த பிறகு ஒருநாள் பின்னேரம் சேர் என்னைக் கூப்பிட்டார். என் லொக் புக்கைக் கேட்டார். பேனையைத் திறந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு வரிகள் எழுதினார். கொட்டாஞ்சேனை, அத்திவாரம். கொட்டாஞ்சேனை, தூண்கள். இப்படி ஆறு. அய்யே போன திகதிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையொப்பம் வைத்தார்.

"யுத்தம் இல்லாவிட்டால் நீங்கள் போயிருப்பீர்கள். போகாதது உங்கள் பிழை இல்லை" என்றார்.

பொய் என்று எனக்கு ஒரு கணம்கூட உறுத்தவில்லை. எனக்கு வரவேண்டியது வந்திருக்கிறது என்றுதான் இருந்தது. மிச்சம் இன்னும் ஆறு வரி. அதையும் இப்படியே ஒருநாள் நிரப்பிவிடுவார் என்று நம்பினேன். அன்று வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் புத்தகத்தைக் காட்டினேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஆறு வரிகளையும் வாசித்தாள். அத்தானிடம் காட்டு என்றாள்.

மண்டபம் திறந்து இரண்டு மாதம் கழித்துப் பங்குத் தந்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, பிற்பகலில் மண்டபம் சற்றே சூடாக இருக்கிறது, வசதிப்படும்போது வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். சேர் அதை இரண்டு தரம் வாசித்தார். எங்கள் கட்டடங்களில் சூடு என்று யாரும் எழுதியதே இல்லை. அந்த வாரம் ஊர் அமைதியாக இருந்தது. "வாருங்கள், போவோம். நீங்கள்தானே வரைந்தது" என்றார். இரண்டரை வருடம் காத்திருந்தது நடந்தபோது, நான் நல்ல சேலையா கட்டியிருக்கிறேன் என்றுதான் குனிந்து பார்த்தேன்.

காருக்கு ஒரு பாஸ் இருந்தது. நிறுத்தினார்கள், கண்ணாடியில் ஒட்டியிருந்த அதைக் காட்டினோம், போகவிட்டார்கள். மூன்று மணிக்குப் போய் இறங்கினோம்.

மண்டபம் நான் வரைந்த மாதிரியே இருந்தது. வாசற்படியின் உயரம், தூண்களின் இடைவெளி, கைப்பிடி எல்லாமே. உள்ளே காலை வைத்ததும் முகத்தில் வெயில் அடித்தது. படத்தில் வலப்பக்கமாக இருந்த திறப்பு முழுவதும், தரையிலிருந்து கூரைவரை, வெயில். அதை மறைக்கப் பழைய படுக்கை விரிப்புகளையும் அரிசிச் சாக்குகளையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சாக்குகளுக்கு இடையால் வந்த வெயில் மண்டபத்தின் பாதிவரை நீண்டு கிடந்தது. தையல் மெஷின்களையெல்லாம் எதிர்ப்பக்க மூலைக்கு இழுத்து, பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்து தைத்தார்கள். கனத்த சுவர் நேரெதிரே நிழலில் குளிர்ச்சியாக நின்றது. அதன் பக்கம் வெயிலே இல்லை. அதன் இடைவெளிகளால் எட்டிப் பார்த்தால் வடக்கே மோதரைப் பக்கத்துக் கூரைகள், அவற்றுக்கு மேலே ஒரு கோடு மாதிரிக் கடல்.

எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. கொட்டாஞ்சேனையில் கடல் இரண்டு பக்கமும் இருக்கிறது. மேற்கே துறைமுகம், அதைச் சரக்குக் கிட்டங்கிகள் மறைத்திருக்கின்றன. வடக்கே திறந்த கடல். அய்யே பங்குத் தந்தையின் வீட்டு மேல்மாடியில் நின்று பார்த்திருக்கிறார், அலையுள்ள கடல் வடக்கே தெரிந்திருக்கிறது, அதைக் கீழே போட்டிருக்கிறார்; அப்படியானால் தாளின் வலப்பக்கம்தான் மேற்கு. பிறகு கேட்டபோது, "துறைமுகத்தை எப்படி நங்கி கடல் என்பது?" என்றார். கட்டுகிற நேரம் ஆறு தரம் போனவருக்கும் பிழை தெரியவில்லை. கடல் பக்கம் கனத்த சுவர் இருக்கிறதா, இருக்கிறது. விதி சரி. அதுவும் அவர் போனதெல்லாம் காலை நேரத்தில். நானோ கடல் என்றால் மேற்கு என்று வெள்ளவத்தையை எடுத்துக் கொட்டாஞ்சேனையில் வைத்திருக்கிறேன். இந்தத் தவறை வேறெந்த நிறுவனமும் செய்திருக்க முடியாது. வடக்கு அம்புக்குறியை வரைகிற ஒரு முதலாம் வருட மாணவனுக்கும் இது நடந்திருக்காது.

பங்குத் தந்தை வந்தார். குள்ளமானவர், வெள்ளை அங்கியின் கையை மடித்துவிட்டிருந்தார். சேரோடு ஆங்கிலத்தில் கதைத்தார். குறை சொல்கிற தொனியே இல்லை. காலையில் நல்ல வெளிச்சம் என்றார். மூன்று மணிக்குப் பிறகு கொஞ்சம் கஷ்டம், தென்மேல் மழைக்குச் சாரலும் அடிக்கிறது என்றார். சேர் சாக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சிவந்துவிட்டது. என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே. என்னைக் காட்டி, "இவர்தான் இந்த வேலைக்குப் பொறுப்பு. நேரடியாகவே கவனித்தார். கட்டும்போது ஆறு தடவை வந்திருக்கிறார்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடிகிறது. தான் எழுதிக் கையொப்பம் வைத்ததைத்தான் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அவருடைய கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. ஆறு தரம் வந்து பார்த்தும் வெயில் எந்தப் பக்கம் என்று தெரியாத ஒருத்தியாக அந்தப் பெண்களுக்கு முன்னால் நின்றேன். இல்லை என்று சொன்னால் ஆறு வரிகளும் போய்விடும். ஓம் என்றால் என் தொழிலே போய்விட்ட மாதிரி.

பங்குத் தந்தை என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். சேருக்குத் தமிழ் தெரியாது.

"ஆறு தரம் வந்தீங்களா மகள்? நான் எந்த நாளும் இங்கதான் நின்டேன். ஒரு நாளும் காணல்லியே."

மெஷின்களின் சத்தம் நின்றிருந்தது. ஒரு பெண் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இல்லை ஃபாதர். வரேல்லை. இண்டைக்குத்தான் முதல் தரம்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டரை வருடக் கதையையும், இரத்மலானையையும், பொலிஸ் வாங்கையும், தமிழ் ஆட்கள் என்ற விதியையும் ஒரே மூச்சில் கொட்டியிருப்பேன்.

"நீங்க எங்க மகள் இருக்கிறது?"

"வெள்ளவத்தையில ஃபாதர்."

"வெள்ளவத்தையா?" என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவர் போல என்னைப் பார்த்தார். "கிட்டத்தானே. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிய வந்திருந்தா நானே கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேனே."



"என்ன சொல்கிறார்?" என்று சேர் ஆங்கிலத்தில் கேட்டார். பங்குத் தந்தை பக்கத்திலேயே நிற்கிறார், அவருக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம், மாற்றிச் சொல்ல வழியில்லை. "இதற்கு முன்னால் வந்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்" என்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி இறங்கியதும் சேர் லொக் புக்கைக் கொண்டுவரச் சொன்னார். ஆறு வரிகளையும் அடிமட்டம் வைத்து, வரைபேனையால், ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டினார். படம் வரைகிற மாதிரி அவ்வளவு நேராக வெட்டினார். கீழே அன்றைய திகதியைப் போட்டு ஒரு வரி எழுதினார். கொட்டாஞ்சேனை, குறை பார்த்தல். கையொப்பம் வைத்து, மை காயும்வரை ஊதிவிட்டு என்னிடம் தந்தார். "மன்னிக்க வேண்டும்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. மிச்சப் பதினொரு வரிகளுக்கும் எனக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

வெயில் அடித்த மேற்குத் திறப்புக்கு முன்னால் கொங்கிறீட் மறைப்புகள் வைப்பதென்று முடிவாகியது. எந்தச் சரிவில் வைப்பது என்று தெரிய வேண்டுமானால் வெயில் எந்த நேரம் எதுவரை வருகிறதென்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அய்யே போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். சேரிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைப்பைக்குள் ஒரு அளவு நாடாவையும் சோக்குக் கட்டியையும் வைத்துக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினேன். கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். வழியில் ஒரு சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் முறை வந்தபோது நானே அட்டையை நீட்டினேன். சிப்பாய் அட்டையை வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டான். கோவிலுக்கு என்றேன். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான். மண்டபத்து வாசலில் இறங்கி மணிக்கூட்டைப் பார்த்தேன். வீட்டிலிருந்து புறப்பட்டு ஐம்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.